ஒரே நம்பரில் ஐந்து பிள்ளைகள்

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லூர்து மேரிக்கு டோக்கன் அக்கா என்றுதான் பெயர். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறவர்களின் பெயரையும் வயதையும் எழுதி, குப்பியில் சீட்டு ஒட்டி, வரிசைப்படி கூப்பிடுவது அவள் வேலை. பதினோரு வருடத்தில் ஒருவர் குப்பியில் இன்னொருவர் பெயர் ஒட்டப்பட்டதில்லை. இதை அவள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மனசுக்குள் அதை ஒரு மெடல் மாதிரிக் குத்தி வைத்திருந்தாள்.

ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தெட்டாம் டோக்கனைக் கூப்பிட வாயெடுத்த நேரத்தில் ஃபோன் அதிர்ந்தது. மகள் ஆனி படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி. குடும்பங்களுக்கான ஆண்டு இறுதித் தகவல் என்று தலைப்புப் போட்டு, ஆங்கிலத்தில், விரலால் தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போனது. முதல் பாதி இணையப் பாதுகாப்பு. இரண்டாம் பாதி வருகைப்பதிவு.

மேரி முதல் பாதியை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஓடிபியைச் சொல்லாதீர்கள், விடுமுறையில் பிள்ளை எந்த ஆப்பில் யாரோடு பேசுகிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உலகத்தில் எது கெட்டுப்போகக் கூடும் என்று யாராவது பட்டியல் போட்டுக் கொடுத்தால் அவளுக்கு ஒருவித நிம்மதி வரும். தான் சும்மா பயப்படவில்லை என்று ஆகிறதல்லவா.

பிறகு வருகைப்பதிவு. அவளுடைய நம்பரில் ஐந்து பிள்ளைகளின் பெயர் வரிசையாக வந்தது. நாலு பெயர் பச்சை. மூன்று கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல சதவீதம். பக்கத்து வீட்டு மாரிசெல்வி, ஒன்பது பி, நூறு சதவீதம், பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம். முதல் பெயர் மட்டும் சிவப்பு. ஆனி ஜோசப்ராஜ், ஒன்பது பி. வேலைநாள் இருநூறு. வந்தது நூற்று நாற்பத்திரண்டு. எழுபத்தொரு சதவீதம். எழுபத்தைந்துக்குக் கீழே உள்ளதால் தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. பெற்றோர் வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் பிள்ளை மறுபடியும் ஒன்பதாவது படிக்க வேண்டிவரும்.

"டோக்கன் அக்கா, முப்பத்தெட்டு நான்தான். தலை சுத்துது" என்றார் வெளியே ஒருவர்.

மேரிக்கும்தான் சுற்றியது.

ஐந்து பிள்ளைகள் ஒரு நம்பரில் வந்த கதையைச் சொன்னால் அது அவள் கதையாகவே ஆகிவிடும். தூத்துக்குடிக் கடலோரத்திலிருந்து ஆறு வயதில் தாராவிக்கு வந்தவள். ஏழாவது வரை முனிசிபாலிட்டிப் பள்ளியில் தமிழில் படித்தாள். பங்குச் சாமியார் சிபாரிசில் எட்டாவதுக்கு வடாலாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளியில் இடம் கிடைத்தது. முதல் ஆறு மாதம் அங்கே ஒரு எழவும் புரியவில்லை. நாளை பள்ளி கிடையாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதை வாசிக்கத் தெரியாமல், மறுநாள் பூட்டிய கேட்டுக்கு முன்னால் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பழக்கம். எந்தக் காகிதமானாலும் இரண்டு தடவை படிப்பாள்.

இரண்டு தடவை படிக்கிறவளைச் சந்து சும்மா விடுமா. கேஸ் சிலிண்டர் ஃபாரம், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, ஆதாரில் பிறந்த தேதி மாற்றுவது எல்லாம் மேரியக்கா எழுதுவாள் என்று ஆகிப்போனது. போன ஜூனில் பள்ளிக்கூடம் புதிதாக ஒரு ஆப்பைக் கொண்டுவந்தது. லீவு லெட்டர் இனிமேல் காகிதத்தில் கிடையாது, பெற்றோர் நம்பரிலிருந்து ஆப்பில்தான் போட வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பேராச்சியிடம் பட்டன் ஃபோன். அவள் புருஷன் பூலோகத்திடம் நல்ல ஃபோன் இருந்தது. அது அவனோடு வடாலாப் பட்டறைக்குப் போய்விடும், அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் பேராச்சியின் மகள் மாரிசெல்விக்கு மேரியின் நம்பர். பின்னால் தையல்காரர் வெயிலுமுத்துவின் மகனுக்கு. பிறகு லிசாவுக்கும் அவள் தம்பி சாஜனுக்கும். யாரும் இதைப் பெரிய விஷயமாகக் கேட்கவில்லை, அவளும் பெரிய விஷயமாகக் கொடுக்கவில்லை. குடிதண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக் குடத்தையும் வைத்துப் பிடிப்பது மாதிரி.

அன்று வேலை முடிந்து நடந்து வரும்போது மேரி யோசித்தாள். மாரிசெல்வி இந்த வருடம் எத்தனை நாள் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். பேராச்சிக்குக் கர்ப்பப்பை எடுத்த வருடம் இது. அதற்கு முன்னால் இரண்டு மாதம், பின்னால் இரண்டு மாதம் என்று விட்டுவிட்டு அந்தப் பிள்ளைதான் வீட்டைப் பார்த்தது. ஒவ்வொரு நாளும் மேரிதான் லீவு எழுதினாள். அவளுக்கு எப்படி நூறு வந்தது? யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். எழுதிக் கேட்ட லீவை மன்னித்துவிடுகிறார்கள். சொல்லாமல் போன லீவைத்தான் கழிக்கிறார்கள். அப்படியானால் ஆனி ஐம்பத்தெட்டு நாள் சொல்லாமல் எங்கோ போயிருக்கிறாள்.

பள்ளி பகல் ஷிஃப்ட். ஆனி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும்போது வீட்டில் ஒருத்தரும் இருப்பதில்லை. இந்த எண்ணம் வந்ததும் மேரிக்கு நடை வேகமானது.

"இந்த வருஷம் எத்தன நாள் லீவு போட்ட?" செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

பரீட்சை முடிந்த விடுமுறையில் பாயில் குப்புறப் படுத்திருந்த ஆனி தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு. ஜூலைல ஜுரம் வந்துச்சே."

"அம்பத்தெட்டுன்னு வந்திருக்கு."

"க்யா? யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

ஆனி சிரித்தாள். மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதட்டி. எங்க போன? யாரு கூடப் போன?"

"மம்மி, பாகல் ஹோ க்யா? பைத்தியமா? ஸ்கூலுக்குத்தான் போனேன். தினம் போனேன். பெஞ்ச் உடைஞ்சு போச்சுன்னு வந்து சொன்னேனே, எப்படித் தெரியும் போகாம?"

"ஃபோனக் குடு."

கண்ணாடி கீறிய அந்தப் பழைய ஃபோனை ஆனி நீட்டிய விதமே கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது. மேரி ஒவ்வொன்றாகத் திறந்தாள். காலையில் படித்த பட்டியல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பு குரூப். கணக்கு டியூஷன். பிறகு வெறும் எஸ் என்று ஒரு பெயர். நாளைக்கு வரமாட்டேன், மிஸ் கேட்டா எதாவது சொல்லு என்று ஒரு செய்தி. அதே மாதிரி இன்னொன்று. இன்னும் பத்துப் பதினைந்து.

"இந்த எஸ்ஸு யாரு?"

"செல்வி."

"செல்வின்னு முழுசா எழுதுனா வெரலு தேஞ்சா போவும்?"

"மம்மி, ப்ளீஸ். சாயந்தரம் வரைக்கும் நம்ம வீட்லதான உக்காந்திருப்பா. நீயே கேளு."

அந்த நேரம் பார்த்து ஜோசப்ராஜ் உள்ளே வந்தான். தோல் பை தைக்கும் பட்டறையில் ஜிப் போடுகிற வேலை அவனுக்கு. நகக் கண்ணில் பசை காய்ந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"ஊருக்கெல்லாம் லீவு எழுதிக் குடுத்த. ஒம் புள்ளைக்கு எழுத விட்டுப்போச்சா?"

"அவ போவவே இல்லங்கேன், நீங்க கேலி பேசுதீங்க."

"நான் எங்கட்டி கேலி பேசுனேன். அவளத்தான் கேட்டியே, போனேங்கா. பள்ளிக்கூடத்துல போயி கேளு. வீட்டுக்குள்ள வச்சு போலீசு வேலை பாக்காத."

ஆனி எழுந்து, இரு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஏணிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

படியில் அவளைத் தாண்டிக்கொண்டு பேராச்சி வந்தாள். கையில் ஒரு கிண்ணம் கேசரி. நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளின் பட்டியலை வகுப்பு குரூப்பில் போட்டிருந்தார்களாம். பூலோகம் அதை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து வந்துவிட்டான். கதவில் ஒட்டியாகிவிட்டது.

"எக்கா, மொத வாய் ஒனக்குத்தான். எங்க வீட்ல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு நச்சத்திரம் வந்ததில்ல. நீ எழுதுன கைராசி."

மேரி கேசரியை வாயில் போட்டுக்கொண்டாள். நெய் மணத்தது.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். ஆபீஸ் அறையில் சைஃப் இருந்தான். ஆப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள், இருபத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். நம்பரைத் தட்டியதும் அவன் புருவம் ஏறியது.

"ஆன்ட்டி, லீவ் நோட் தோ ஆப் ஹி நே டாலா ஹை. அட்டாவன் நோட். சப் ஆப் கே நம்பர் ஸே."

ஐம்பத்தெட்டு லீவு விண்ணப்பமும் நீங்கள்தான் போட்டிருக்கிறீர்கள் என்கிறான். திரையை அவள் பக்கம் திருப்பினான். மேரி வாசித்தாள். ஒன்பது பி மாரிசெல்விக்கு வீட்டில் அம்மாவுக்கு ஆபரேஷன், தயவுசெய்து லீவு தரவும். மாரிசெல்விக்கு இன்றும் வர இயலவில்லை. சாஜனுக்கு வயிற்றுப்போக்கு. எல்லாம் அவளே பார்த்துப் பார்த்து எழுதிய இங்கிலீஷ். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே பெயர் இருந்தது. ஆனி ஜோசப்ராஜ்.

ஆப்பைத் திறந்தால் அந்த நம்பரில் முதலில் பதிந்த பிள்ளையின் பக்கம்தான் வரும். வேறு பிள்ளைக்கு எழுத வேண்டுமானால் மேலே மூலையில் கடலை அளவுக்கு இருக்கிற வட்டத்தைத் தொட்டுப் பெயரை மாற்ற வேண்டும். சைஃப் தொட்டுக் காட்டினான். ஐந்து பெயரும் கீழே தொங்கின. அந்த வட்டத்தைப் பத்து மாதமாகப் பார்த்திருக்கிறாள். அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தாள். லெட்டருக்குள்தான் பெயர் எழுதுகிறோமே, படிக்கிறவர்களுக்குத் தெரியாதா என்று அவள் இருந்துவிட்டாள். லெட்டரை யாரும் படிக்கவே இல்லை. உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது, நன்றி என்று ஒவ்வொரு தடவையும் பதில் மட்டும் வந்தது.

பதினோரு வருடம் ஒரு குப்பி மாறியதில்லை. இங்கே ஐம்பத்தாறு மாறியிருக்கிறது, அதுவும் சொந்தப் பிள்ளையின் தலையில்.

"நேத்துப் பூரா எம் புள்ளைய..." என்று தமிழில் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். சைஃபுக்கு அது எதற்கு.

வகுப்பாசிரியை பத்மஜா மிஸ் வராண்டாவில் விடைத்தாள் கட்டோடு வந்துகொண்டிருந்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், மேரியிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவாள்.

"ஆனி தினம் வந்திருக்கா, எனக்குத் தெரியாதா என்ன. முதல் பெஞ்சுலயே உட்கார்ந்துண்டு கேள்வி கேட்டுண்டே இருப்பா."

"அப்பறம் எப்படி மிஸ் நீங்க ஆப்சென்ட் போட்டீங்க?"

பத்மஜா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அறுபத்திரண்டு பசங்க. முப்பத்தஞ்சு நிமிஷப் பீரியட். ஆப்புல எல்லாருக்கும் பிரசென்ட்னு அதுவாவே வந்துடறது. லீவு போட்டவா பேர் மட்டும் மங்கலா இருக்கும். சப்மிட்னு ஒரு தட்டு. போன வருஷம் வரைக்கும் பேர் கூப்பிட்டுண்டிருந்தேன். நேரம் மிச்சமாகும்னு சொல்லித்தான் ஆப்பையே கொண்டுவந்தா. நான் என்ன சொல்றது, சொல்லுங்கோ."

"அப்ப திருத்திருங்க."

"திருத்தலாம். அந்த நோட்டை எல்லாம் சைஃப் பிரிண்ட் எடுத்துத் தருவான். எந்தத் தேதி யாருக்குன்னு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் கொண்டுவாங்கோ, நானும் கையெழுத்துப் போட்டு சூப்பர்வைசருக்கு அனுப்பறேன். இன்னொண்ணு. ஒரு நம்பர்ல ஒரு குழந்தைதான் இருக்கணும்னு இப்போ ரூல் போட்டிருக்கா. அடுத்தவா குழந்தைக்காக நீங்க லாகின் பண்ணினது இணையப் பாதுகாப்புக்கு விரோதமாம். இனிமே செய்யமாட்டேன்னு ஒரு உறுதிமொழி இருக்கு, அதுலயும் ஒரு கையெழுத்து."

மேரிக்குக் காது சூடானது. திருட்டு லாகின் செய்தவள் என்று ஒரு வரி. அதற்குக் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைக்குப் பத்தாவது.

"மாரிசெல்விக்கு என்னாவும் மிஸ்?"

"அவளோட லீவு அவ பேருக்குப் போயிடும்."

"அது அவ அம்மாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு."

"குழந்தைக்கே உடம்பு சரியில்லைன்னு டாக்டர் சர்ட்டிஃபிகேட் இருந்தாத்தான் மன்னிப்பா. அம்மாவுக்குன்னா எடுத்துக்கமாட்டா. எழுபத்தஞ்சு இருந்துட்டா ஒரு பிரச்சினையும் இல்லை. எண்ணிப் பாருங்கோ."

மேரி பிரிண்ட் எடுத்த மூன்று தாளையும் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று எண்ணினாள். ஆனிக்கு இரண்டு. வெயிலுமுத்து மகனுக்கும் லிசாவுக்கும் சாஜனுக்குமாக நாலு. மீதி ஐம்பத்திரண்டும் மாரிசெல்வி. இருநூறில் ஐம்பத்திரண்டு போனால் நூற்று நாற்பத்தெட்டு. எழுபத்திநாலு சதவீதம். திரும்ப எண்ணினாள். பஸ் ஒன்று வந்து போனது. மூன்றாவது தடவையும் அதேதான். இரண்டு நாள் குறைந்தது.

பேராச்சியிடம் சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று இல்லை. சாயங்காலம் அவள் வீட்டு வாசலில், அந்த நட்சத்திரத் தாளுக்கு முன்னால் நின்றுதான் சொன்னாள். பேராச்சி ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாகிப் போனபடி ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இந்த நச்சத்திரம் ஆனிக்குள்ளதா?"

"அவளுக்கும் இல்ல. ரெண்டு நாள் ஜுரம் வந்துச்சு."

"எக்கா, தப்பு நீ பண்ணிருக்க. அந்த டீச்சரம்மா பண்ணிருக்கு. எம் புள்ள என்ன பண்ணுச்சு? அது தாய்க்குப் பீ மூத்திரம் அள்ளுச்சு. அதுக்கு ஒரு வருஷம் திரும்பப் படிக்கணுமா?"

"நான் மாத்தி எழுதலன்னா ஆனி திரும்பப் படிக்கணும்."

"அதான் சொல்லுதேன். ஒம் புள்ளன்னதும் ஒனக்கு எழுத்து நேரா வருது, என்ன?"

இந்தப் பேச்சு மேரிக்கு நேராக நெஞ்சில் இறங்கியது. வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். ஆனால் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த மாரிசெல்வி கையை நிறுத்திவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது இரண்டு பேருக்கும் கேட்டது.

"பத்தாவதுக்குப் போவாட்டி அவ அப்பன் பட்டறைக்குப் பக்கத்துலயே பேக்கிங் வேலைக்கு விட்டுருவான்" என்றாள் பேராச்சி, இப்போது மெதுவாக. "அவன் சொல்லிட்டான். பெயிலானா படிப்பு முடிஞ்சிதுன்னு."

மேரி திரும்பி வந்தாள்.

விளக்குப் போட்டுக்கொண்டு தாள்களைப் பாயில் விரித்தாள். ஜோசப்ராஜ் இன்னும் வரவில்லை. ஆனி சுவரோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அம்மாவோடு அவள் பேசியது, சாப்பிட்டாச்சு, வேண்டாம் என்ற இரண்டு வார்த்தைதான். பள்ளியில் நடந்ததை மேரி மதியமே சொல்லிவிட்டாள். ஓ என்று கேட்டுக்கொண்டாள் ஆனி. தப்பு என்மேல்தான் என்று மேரி சொன்னதும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பெயர் எழுதிக்கொண்டு வந்தாள் மேரி. பெரும்பாலானவற்றில் பெயர் இருந்தது. அவசரத்தில் எழுதிய ஆறு லெட்டரில் மட்டும் பெயர் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை, லீவு தரவும் என்று ஒரே வரி. மாரிசெல்விக்குத்தான் எழுதினாள், சந்தேகமே இல்லை. வீட்டு விவகாரத்தைத் தினம் தினம் எழுத மனசு வராமல் அந்தப் பிள்ளைக்கே உடம்பு சரியில்லை என்று போட்ட நாட்கள் அவை. ஆனால் அது மேரிக்கு மட்டும்தான் தெரியும். சைஃபுக்குத் தெரியாது, சூப்பர்வைசருக்குத் தெரியாது. தாளில் பெயர் இல்லை.

அந்த ஆறில் நாலுக்கு மாரிசெல்வி என்று எழுதினாள். ஜனவரி இருபத்தொன்று, பிப்ரவரி நாலு ஆகிய தேதிகள் மட்டும் வெறுமையாக நின்றன. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். உண்மையை எழுதுகிறேன் என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அந்த ஆறு வரியைத் தவிர வாழ்க்கையில் எந்த ஃபாரத்திலும் பொய் எழுதாதவள். ஊரார் ஒரு வயதைக் குறைத்துப் போடக்கா என்று கெஞ்சினாலும் போடாதவள். அதற்காகவே சந்தில் பாதிப் பேருக்கு அவள்மேல் மனத்தாங்கல் உண்டு.

"என்ன, தூங்கிட்டியா?" என்றாள் ஆனி. தாளை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு நாள் பேர் தெரியல."

"தெரியலயா? செல்வி எனக்கு மெசேஜ் போட்டிருப்பா. ஃபோன்தான் உங்கிட்ட இருக்கே, எடுத்துப் பாரு. நேத்து பாத்தியே."

மேரி எடுத்துப் பார்க்கவில்லை. ஆனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். கணக்கில் கெட்டிக்காரி. இருநூறில் ஐம்பது போனால் எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என் பேர்ல விடப்போறியா?"

"ஒனக்கு ரெண்டு நாள்ல ஒண்ணும் கொறையாது. தொண்ணூத்தெட்டு வரும்."

"நான் போன நாள் மம்மி அது. ட்வென்ட்டி ஃபர்ஸ்ட்டு என் சயின்ஸ் ப்ராஜெக்ட். கிளாஸ் முன்னாடி நின்னு பேசுனேன்."

"தெரியும்."

"எனக்கு என்ன நோவுன்னு எழுதுவ?"

"ஏற்கனவே ஒடம்பு சரியில்லன்னுதான் எழுதியிருக்கு."

ஆனி மறுபடியும் நகத்தைக் கடித்தாள். அடுத்த வீட்டில் பேராச்சி எதையோ கீழே போட்டாள், பூலோகத்தின் குரல் உயர்ந்து அடங்கியது.

"எழுதிக்கோ" என்றாள் ஆனி. "அம்பத்தெட்டு நாள் போகலன்னு நம்புனவதான நீ. ரெண்டு நாள் உனக்கு என்ன கஷ்டம்."

மேரி தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஆனி என்று இரண்டு இடத்திலும் எழுதினாள். பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்தது. பிறகு ஃபோனை எடுத்து மகள் மடிமேல் வைத்தாள். ஆனி அதை எடுத்துக்கொண்டு படிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை பத்மஜா மிஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளை வரிவரியாகப் பார்த்தாள். இந்த வருடம் அந்த லெட்டர்களை ஒரு ஆள் முழுதாகப் படித்தது அப்போதுதான். விரல் ஜனவரியில் நின்றது.

"இருபத்தொண்ணு ஆனியா? அன்னிக்கு..." என்றாள்.

மேரி மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்மஜா அதற்கு மேல் கேட்கவில்லை. விரல் பிப்ரவரிக்கு இறங்கியது, கடைசி வரிக்கு வந்தது. கீழே கையெழுத்துப் போட்டாள். "நானும் பேர் கூப்பிட்டிருக்கணும்" என்று தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொன்னாள்.

உறுதிமொழித் தாளை சைஃப் நீட்டினான். என் பிள்ளையைத் தவிர வேறு எவருக்காகவும் இந்த ஆப்பை நான் உபயோகிக்க மாட்டேன். மேரி இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் கண் முன்னாலேயே நாலு பெயர்களையும் சைஃப் ஒவ்வொன்றாக அழித்தான். மாரிசெல்விக்குப் பேராச்சியின் பட்டன் ஃபோன் நம்பரைப் பதிந்தான். மெசேஜ் மட்டும் வரும், லீவு போட முடியாது, அதற்கு வேறு ஃபோன் வாங்கச் சொல்லுங்கள் என்றான், ஏதோ பேனா வாங்கச் சொல்வது மாதிரி.

அடுத்த வாரம் திருத்திய தகவல் வந்தது. முப்பத்தெட்டாம் டோக்கனோ நாற்பதோ, யாரையோ கூப்பிட்டுக்கொண்டே படித்தாள். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஆனி ஜோசப்ராஜ், நூற்றுத் தொண்ணூற்றாறு நாள், தொண்ணூற்றெட்டு சதவீதம், தேர்ச்சி. அதற்குக் கீழே வழக்கம்போல, உங்கள் கணக்கை உங்களைத் தவிர யாரும் பயன்படுத்தவிடாதீர்கள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் பேராச்சி நின்றிருந்தாள். அந்த வாசல் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கதவில் நட்சத்திரம் இருந்த இடத்தில் ஒட்டுநாடாவின் நாலு மூலை மட்டும் மிச்சம் இருந்தது. பட்டன் ஃபோனை நீட்டினாள்.

"இதுல என்னமோ இங்கிலீசுல வந்திருக்கு. மத்தியானத்துலேருந்து கையிலயே வச்சிருக்கேன்."

"நான் பாக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாவ."

"அது அந்த ஆப்பத்தான. இது எம் ஃபோனு. படிச்சுச் சொல்லுததுக்குமா கையெழுத்து வாங்குனான்?"

மேரி வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை.

"எழுபத்தஞ்சு. பாசு."

"எழுவத்தஞ்சா? ரெண்டு நாள் கொறையுதுன்னியே."

"எண்ணுனதுல தப்பு."

பேராச்சி அவளை உற்றுப் பார்த்தாள். மேரி எண்ணினால் தப்பாது என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும். படியில் உட்கார்ந்திருந்த ஆனி ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா சித்தி, மம்மிக்கு இப்பல்லாம் எண்ணவே வரல" என்றாள்.

பேராச்சி ஃபோனை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். ஆனி நகர்ந்து உட்கார்ந்து அம்மாவுக்குப் படியில் வழிவிட்டாள். மேரி கடந்து போகும்போது ஃபோன் திரையை மட்டும் ஆனி மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.